ஏழாவது அம்புக்குறி

ஒட்டியது ஏழு. எடுத்தது ஆறு. பூவாத்தாள் மடியிலிருந்த பர்ஸின் ஜிப்பைப் பாதி திறந்து, உள்ளே நாலாக மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். பிரிக்க வேண்டியதில்லை. தாளின் பின்பக்கத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள், ஆறு சிவப்பு அம்புக்குறிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகமளவு. நேற்றிலிருந்து பதினோரு தடவை எண்ணியாயிற்று, இப்போது தடவியதையும் சேர்த்தால் பன்னிரண்டு. எண்ணுவதால் ஆறு ஏழாகிவிடப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் விரல் கேட்கவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவர்களுக்குத்தான் இது என்னவென்று புரியும். தையல் விட்ட இடம், நூல் பிசிறு, எண்ணெய்க் கறை, ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பு ஒட்ட வேண்டும். பீஸ் ஆல்ட்டருக்குப் போய்ச் சரியாகித் திரும்பியதும் அம்பை உரித்து அட்டையில் ஒட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். ஒட்டியது எத்தனையோ உரித்ததும் அத்தனை. ஒரே ஒரு அம்பு பெட்டிக்குள் போய், கப்பலேறி, வாங்குகிறவன் கையில் கிடைத்தால் போதும், மொத்தச் சரக்கும் திரும்பி வரும் என்று சூப்பர்வைசர் காலையும் மாலையும் சொல்வான். முப்பத்தொரு வருஷத்தில் பூவாத்தாளின் அட்டை ஒரு நாளும் குறைந்ததில்லை. குறைந்தது நேற்றுத்தான். கம்பெனியில் அல்ல, வீட்டில். கம்பெனிப் பீஸில் அல்ல, மகள் கௌசிகா தைத்த கவுனில்.

கல்யாண மண்டபத்து மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் சிம்மாசன நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி, போர்வை போட்டு மூடியிருந்தார்கள். மேடையிலிருந்து நடு மண்டபம் வரை பந்தி மேசைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது. அதன் மேல்தான் தையல் வகுப்புப் பிள்ளைகள் நடந்து வர வேண்டும், தாங்களே தைத்ததைத் தாங்களே உடுத்திக்கொண்டு. மொத்தம் இருபத்திரண்டு பேர். கௌசிகா பதினாலாம் எண். இப்போது நாலாம் எண் நடந்துகொண்டிருந்தது, நீலப் பாவாடை, இடுப்பு மடிப்பு ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் ஐந்து. சீ, எதற்கு எண்ணுகிறோம். பூவாத்தாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். இன்னும் பத்துப் பேர். ஒருத்தருக்கு ரெண்டரை நிமிஷம் என்றாலும் இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் அந்த ஏழாவது அம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தான் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. "என்னக்கா நுனியிலயே ஒக்காந்திருக்கீங்க, சேர் கடிக்கவா செய்யும்? நல்லா சாஞ்சு ஒக்காருங்க" என்றாள் பக்கத்து நாற்காலி ஜெயக்கொடி. தேனிப் பக்கத்துக்காரி, பிழைக்க வந்து ஆறு வருஷமாகிறதாம். உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் சொந்தக்கதை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் மகன் ஒன்பதாம் எண். "இல்லீங், இப்படியே இருக்கட்டுங்" என்றாள் பூவாத்தாள். எந்த நாற்காலியிலும் அவள் முழுதாக உட்கார்ந்ததில்லை. முழுதாக உட்கார்ந்தால் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்று ஒரு நினைப்பு. பின் வரிசையில் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். அந்த வயசுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். கௌசிகாவுக்கு அந்த வயசில் வந்ததா? யோசித்துப் பார்த்தாள். சட்டென்று ஒரு சிரிப்பும் நினைவுக்கு வரவில்லை.

கவுனில் கழுத்துப் பட்டி முறுக்கியிருந்தது, அது ஒன்று. வலது கை பொருத்திய இடத்தில் சுருக்கம், ரெண்டு. இடது விலாவில் ரெண்டு தையல் விட்டிருந்தது, மூன்று. அக்குளில் பிசிறு, நாலு. இடுப்புக்குக் கீழே கடுகளவு எண்ணெய்க் கறை, ஐந்து. கீழ் மடிப்பு இடது பக்கம் கால் இன்ச் ஏறியிருந்தது, ஆறு. ஏழாவது எது? ஸ்டிக்கர் தாளில் ஒரு வரிசைக்குப் பத்து. நேற்றுப் பார்த்தபோது அந்த வரிசையில் மூன்றுதான் மிச்சம். அதனால் ஏழுதான், சந்தேகமில்லை. கை ஒட்டியிருக்கிறது, மனசில் பதியவில்லை. எஸ்தர் டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் எண்ணைக் கூப்பிட்டாள். அவளைப் பார்த்தால் பூவாத்தாளுக்கு அந்த ஒரு பேச்சுத்தான் நினைவுக்கு வரும். ஆறு மாசத்துக்கு முன்னால், பிள்ளைகளைச் சேர்த்த அன்று, பெற்றவர்களை மட்டும் தனியாக உட்கார வைத்து அவள் சொன்னாள்: "இங்க வர்ற பிள்ளைங்க யாரும் தையல் தெரியாததுனால வரல. நாலு பேர் முன்னாடி நிக்கப் பயந்து வீட்டுக்குள்ள கெடக்குற பிள்ளைங்க. தைக்கிறத நாங்க சொல்லிக் குடுத்துக்கறோம். நீங்க நூத்தி எண்பது நாளைக்கு ஒண்ணே ஒண்ணு செய்யணும். வீட்ல குறை சொல்லாதீங்க. ஒண்ணு கூட." எல்லோரும் தலையாட்டினார்கள். டீச்சர் பொதுவாகத்தான் சொன்னாள், ஆனால் பூவாத்தாளுக்குத் தன்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கௌசிகா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தொன்பது மாசத்தில் அவளாக வந்து பேசியது அன்றைக்குத்தான். "நான் போறேன். ஆனா நீ ஒரு குறை சொன்னாலும், அன்னைக்கே நின்னுக்குவேன். அப்புறம் யார் வந்து கூப்பிட்டாலும் வெளிய வர மாட்டேன்." "சொல்ல மாட்டேன் கண்ணு" என்றாள் பூவாத்தாள். சொல்லவும் இல்லை. தினமும் காலையில் காலண்டர் தாளைக் கிழித்து, முந்தின நாளுக்கு ஒரு டிக் போட்டு, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். நூற்று எழுபத்தெட்டுத் தாள். சாதத்தைக் குழைய விட்டபோது சொல்லவில்லை. முதன்முதலாகத் தைத்துக் கொண்டுவந்த தலையணை உறை நாலு மூலையில் மூன்று மூலைதான் நேராக இருந்தபோது, நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நேற்று நூற்று எழுபத்தொன்பதாவது நாள். அந்தத் தாளின் முதுகில்தான் ஆறு அம்பும் ஒட்டியிருக்கிறது.

பத்தாவது ரிசல்ட் வந்த அன்றைக்கு ஐந்நூற்றுக்கு நானூற்று முப்பத்தொன்று. கௌசிகா தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். மூணு வயசிலேயே தகப்பனை இழந்த பெண், அந்தத் தாளைக் காட்ட வேறு ஆள் கிடையாது. பூவாத்தாளின் வீட்டில் அதுவரைக்கும் பத்தாவது வரை போனவர்களே இல்லை. அவளே ஐந்தாவதோடு நின்றவள். சந்தோஷத்தில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள், வாயிலிருந்து வந்தது, "மீதி அறுபத்தொம்பது எங்க?" சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். விளையாட்டுக்குத்தான். கௌசிகா தாளை மடித்தாள், பாதியாக, அதையும் பாதியாக, இன்னொரு பாதியாக, மடிக்க முடியாத அளவுக்கு மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவளுக்கு வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பூவாத்தாளுக்கு இன்றைக்கும் தெரியாது. செக்கிங் டேபிளில் கழுத்து, தோள், கை, விலா, கீழ் மடிப்பு என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒன்றும் இல்லையென்றால் பீஸை வலது பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். குறைக்கு அம்பு உண்டு. நல்ல பீஸுக்கு ஒட்ட ஒரு ஸ்டிக்கரும் கிடையாது. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ், முப்பத்தொரு வருஷம், அத்தனையிலும் ஒரு பீஸைக்கூட அவள் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை, சொல்லச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை. கடைசியில் கண் மங்கி ஒரே ஒரு ஓட்டையைத் தவறவிட்டபோது அவளையும் குறைப் பீஸ் மாதிரி இடது பக்கம் தள்ளி, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷமாகிறது. அதே சமயத்தில்தான் கௌசிகாவும் காலேஜை விட்டு வந்தாள், நாலே மாசம். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னார்களாம். நின்றாளாம். வாய் திறக்கவில்லையாம். "ஏன் கண்ணு, தெரிஞ்சதத்தானே கேட்டாங்க?" "தப்பா வந்துருமோன்னு இருந்துச்சு." அதற்குப் பிறகு பத்தொன்பது மாசம் அந்த அறைக்குள். ஒரே வீட்டில் கண் போனவள் ஒருத்தி, வாய் போனவள் ஒருத்தி.

"இந்தா வாரான் பாருங்க எம்மவன்!" என்று ஜெயக்கொடி தொடையில் தட்டினாள். அதற்குள் ஒன்பதாகிவிட்டதா. ஆறு, ஏழு, எட்டு எப்போது போனது. கோடு போட்ட சட்டை. பாக்கெட்டில் கோடு நேரே வரவில்லை, சட்டைக் கோடு ஒரு வழி, பாக்கெட்டுக் கோடு ஒரு வழி. "வீட்ல பட்டன் அந்து போனா ஊசி எடுத்துத் தர மாட்டான்க்கா. இப்ப பாருங்க, சட்டையே தச்சுட்டான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. ஏன்டா இப்பிடினு கேட்டா, எனக்குக் கையே அப்பிடித்தான்மாங்கறான்!" ஜெயக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளும் குறையைத்தான் சொல்கிறாள். இரண்டு கையும் சமமில்லை என்பதை அவளும் பார்த்திருக்கிறாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் மகன் மேசை மேல் நின்றுகொண்டு அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறான், குட்டைக் கையைத் தூக்கி ஆட்டுகிறான். அது எப்படி? எந்த இடத்தில் வித்தியாசம்? பூவாத்தாளுக்குப் பிடிபடவில்லை. எட்டிப் பார்க்கக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். பின்னால் மறுபடியும் களுக்கென்று சிரிப்பு. ஒருத்தி இன்னொருத்தியிடம் "சும்மா இருடி" என்றது காதில் விழுந்தது. சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள். எஸ்தர் டீச்சர் பையனிடம் மைக்கை நீட்டினாள். நடந்து முடித்த ஒவ்வொருவரும் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பது ஏற்பாடு. "எங்கம்மாவுக்கு அடுத்த தீபாவளிக்குச் சேலைக்கு ஓரம் அடிச்சுக் குடுப்பேன்" என்றான். மண்டபம் கைதட்டியது. ஜெயக்கொடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "களவாணி, வீட்ல ஒரு நா சொன்னதில்ல" என்றாள்.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்து பழக மண்டபத்துக்குப் போனாள் கௌசிகா. கவுன் வேண்டாம், ஆள் மட்டும் வந்தால் போதும் என்றிருந்தார்கள். அவள் அறைக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள். ஆறு மாசத்தில் முதல் தடவையாக மறந்தாள். ஜன்னல் கம்பியில் கவுன் தொங்கியது. கரும்பச்சை, கம்பெனியில் மிஞ்சும் கட் பீஸ் துணி, தொட்டால் வெண்ணெய் மாதிரி. பூவாத்தாள் பார்க்கத்தான் போனாள், சத்தியமாகப் பார்க்கத்தான். என் பெண் தைத்ததா இது? கழுத்திலிருந்து கால் வரை, அந்த வாய் திறக்காத பெண்ணா தைத்தாள்? கண்ணில் தண்ணீர் வந்தது. மங்கல் கண்ணில் தண்ணீரும் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது, அதனால் துடைத்துக்கொண்டாள். துடைத்ததுதான் தப்பு. துடைத்ததும் கழுத்துப் பட்டி தெரிந்தது. பிஸ்கெட் டப்பாவில், நூல் வெட்டியோடு கிடந்த பழைய ஸ்டிக்கர் தாளை எப்போது எடுத்தாள், கவுனை எப்போது கம்பியிலிருந்து இறக்கி டியூப் லைட்டுக்கு அடியில் விரித்தாள், ஒன்றும் நினைவில்லை. கழுத்து, தோள், கை, விலா. கை தானாகப் போயிற்று. முப்பத்தொரு வருஷம் போன தடத்தில் கை போயிற்று, மாடு தொழுவத்துக்குப் போவது மாதிரி. ஆல்ட்டருக்கு யாரிடம் கொடுப்பது என்ற யோசனை கூட இல்லை. துணிக்குள்ளேயே கிடந்து வயசானவளுக்கு ஓரம் மடித்து ஒரு தையல் போடத் தெரியாது. கண்டுபிடிக்க மட்டும்தான் தெரியும். இதையெல்லாம்கூட யாரிடமும் சொல்லிவிடலாம். சொல்லவே முடியாதது ஒன்று உண்டு. கடைசி அம்பை ஒட்டி நிமிர்ந்தபோது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, கண் இன்னும் போகவில்லை, நான் இன்னும் பிரயோசனப்படுகிறேன் என்று உடம்பெல்லாம் ஒரு நிறைவு. மகளுடைய கவுனில் ஏழு குறை கண்டுபிடித்துவிட்டு அம்மாக்காரி சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றாள். அப்போதுதான் வெளி கேட் சத்தம் கேட்டது. பதறிப்போய் உரித்தாள், கழுத்தில், கையில், விலாவில், கிடைத்ததையெல்லாம், சுவரிலிருந்த அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து அதில் அப்பிக்கொண்டு, கவுனைக் கம்பியில் மாட்டிவிட்டு வெளியே வந்தபோது, கௌசிகா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். அடுப்படியில் வந்து எண்ணினால், ஆறு.

பார்த்திருக்க மாட்டாள். பார்த்திருந்தால் நேற்றே கவுனைக் கொண்டுவந்து முகத்தில் எறிந்திருப்பாள். பார்த்திருந்தால் இன்றைக்குக் காலையில் அப்படிச் செய்திருக்க மாட்டாள். அதுதான் பூவாத்தாளின் ஒரே ஆதாரம், காலையிலிருந்து அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் கிளம்பும்போது தானும் லட்சணமாக இருக்க வேண்டும் என்று விடியும்போதே குளித்து, கடுகு நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு, தரையில் குந்தி மகளுக்குத் தக்காளி சாதம் கட்டிக்கொண்டிருந்தாள். கௌசிகா அறையிலிருந்து கவுனை மடித்துக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் வந்து நின்றது தெரிந்தது. "போயிட்டு வர்றேன்மா" என்றாள். சொல்லிவிட்டு, பூவாத்தாளின் முதுகில் கையை வைத்தாள். வைத்தாள் என்றால் பட்டும் படாமலும் அல்ல. உள்ளங்கையைப் பதித்து, ஒரு தடவு தடவி, அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று எண்ணும் நேரம். அதற்கு முன்னால் அவள் தொட்டது போன வருஷம் ஆடியில், காய்ச்சல் வேகத்தில், யாரென்று தெரியாமல். பூவாத்தாள் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், அழுதால் அதுவும் ஒரு குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். கதவு சாத்திய பிறகும் முதுகில் அந்த இடம் வெதுவெதுவென்று இருந்தது. பஸ்ஸில் வரும்போதும் அதை நினைத்துக்கொண்டே வந்தாள். பின் சீட்டில் ஒரு கைக்குழந்தை, அம்மா தோளில் சாய்ந்துகொண்டு, பூவாத்தாளின் முதுகை விரலால் நோண்டிக்கொண்டே வந்தது. அதுகூட நல்ல சகுனமாகத்தான் பட்டது. வழியெல்லாம் "நல்லா இருக்கு" என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நல்லா இருக்கு கண்ணு." "ரொம்ப நல்லா இருக்கு." எந்த இடத்தில் நிறுத்துவது, எப்படி இழுப்பது என்று பழக வேண்டியிருந்தது. மண்டபத்துக்கு வந்ததும் நேராக மணமகள் அறைக் கதவுக்குப் போனாள். ஒரு நிமிஷம் உள்ளே விட்டால் போதும், கவுனை ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்து எடுத்துவிடலாம். கதவில் நின்ற பெண், "பேரன்ட்ஸ் உள்ள வரக்கூடாதும்மா, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள். என்ன வேணும் என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒண்ணுமில்லீங்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு மட்டும் என்ன, நாலு பேர் முன்னால் வாய் வந்துவிடுமா. பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது என்று எஸ்தர் டீச்சர் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

"பதிமூணு" என்றது மைக். பதிமூணாம் எண் ஒரு குட்டையான பெண், சுடிதார், நடக்கும்போது வாயைத் திறந்துகொண்டே நடந்தாள். பூவாத்தாள் பர்ஸை இறுக்கிக்கொண்டாள். அடுத்தது. கரும்பச்சையில் சிவப்பு எங்கே இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் தெரியும். மேலே அத்தனை விளக்கு. கூட்டம் முதலில் கவனிக்காது, அப்புறம் ஒரு பிள்ளை கையை நீட்டும், அப்புறம் எல்லோரும் பார்ப்பார்கள், கௌசிகா குனிந்து பார்ப்பாள், அவளுக்கு அந்த அம்பு என்னவென்று தெரியும், பனியன் கம்பெனிக்காரி வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா, சின்னதில் அம்மாவின் டிபன் பையில் வரும் மிச்ச ஸ்டிக்கரை எடுத்து நெற்றியில் பொட்டு வைக்கச் சொன்னவள். உடனே தெரிந்துவிடும், யார் கை, எப்போது என்று. அந்த மேசை மேல் நடுவில் நின்றுவிடுவாள். நின்றவள் நின்றவள்தான். திரும்பி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துவாள், இந்தத் தடவை பத்தொன்பது மாசமல்ல. "அடுத்ததா, பதினஞ்சு!" என்றது மைக். பதினஞ்சா? பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சா? "ஏக்கா, ஒங்க புள்ள பதினாலுனுதானே சொன்னீங்க?" என்றாள் ஜெயக்கொடி. பதினஞ்சாம் எண் பையன் கையை வீசிக்கொண்டு வந்தான். அவன் என்ன உடுத்தியிருந்தான் என்று பூவாத்தாளுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு துணி அவள் கண்ணில் விழாமல் போனது அதுதான் இரண்டாவது தடவை. பார்த்துவிட்டாள். உடுத்தும்போது கண்ணாடியில் பார்த்துவிட்டாள். முடிந்தது. மணமகள் அறையில் மூலையில் குந்தியிருப்பாள், முகம் முழங்காலுக்குள் போயிருக்கும், எஸ்தர் டீச்சரின் ஆட்கள் சுற்றி நின்று என்னம்மா என்னம்மா என்பார்கள், அவள் சொல்ல மாட்டாள். காலையில் தொட்டாளே. தொட்டாளே, மூன்று எண்ணும் நேரம். நேற்று அம்மா செய்தது தெரியாமல் தொட்டிருக்கிறாள். இப்போது தெரிந்துவிட்டது. இனி அந்தக் கை வராது. "பதறாதீங்கக்கா, செருப்பு வாரு அந்துருக்கும். எம்மவன் பேண்ட்டு ஊக்கு காணோம்னு ரெண்டு நிமிசம் அல்லாடுனான்" என்று ஜெயக்கொடி அவள் முழங்கையைப் பிடித்தாள். பூவாத்தாள் எழுந்து போக நினைத்தாள். வாசலுக்கா, மணமகள் அறைக்கா? எங்கே போனாலும் எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்தே இருந்தாள்.

பதினஞ்சாம் எண் இறங்கியதும், "பதினாலு, கௌசிகா!" என்றது மைக். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். கரும்பச்சை. தலை நிமிர்ந்திருந்தது. பூவாத்தாளுக்கு முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை, கவுன்தான் தெரிந்தது. கழுத்துப் பட்டி, முறுக்கு அப்படியே. வலது கை, சுருக்கம் அப்படியே. சிவப்பு இல்லை. விலாவில் இல்லை. மேசை மேல் கால் வைத்து, அவசரப்படாமல், ஒரு பாதத்துக்கு நேரே இன்னொரு பாதம் வைத்து வந்தாள். இடுப்புக்குக் கீழே அந்தக் கடுகளவு கறை, கால் இன்ச் ஏறிய மடிப்பு, ஒவ்வொன்றாகப் பூவாத்தாளின் கண்ணுக்கு நேரே வந்து, கடந்து போயின. எங்கேயும் சிவப்பு இல்லை. கடைசி மேசை வரைக்கும் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றாள். கைதட்டல் பெரிதாகக் கேட்டது. பிறகு திரும்பினாள். முதுகு. பூவாத்தாளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது, ஏழாவது. முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே, உள்வாங்கிப் பிடித்த தையல் வலது பக்கத்தைவிட அரை இன்ச் மேலே ஏறியிருந்தது. அங்கேதான் ஒட்டினாள், மேலே பார்க்க. அங்கேயும் இல்லை. விழுந்துவிட்டது. எங்கேயோ விழுந்துவிட்டது, ஜன்னலுக்கு அடியிலோ, கவருக்குள்ளோ. பூவாத்தாள் முதல் தடவையாக நாற்காலியில் நன்றாக மூச்சு விட்டாள். கண் நிறைந்து, குறையெல்லாம் மறைந்து, பச்சையாக ஒன்று மட்டும் அசைந்தது. "நல்லா இருக்கு" என்றாள். சத்தமாகவே சொல்லிவிட்டாள், பழகியபடி. எஸ்தர் டீச்சர் மைக்கை நீட்டினாள். கௌசிகா வாங்கிக்கொண்டாள். வாயைத் திறந்தாள். பூவாத்தாளின் வாயும் சேர்ந்து திறந்துகொண்டது. பிறகு அந்தக் குரல் வந்தது, நாலு சுவரிலும் பட்டு, நிதானமாக: "இந்த டிரெஸ்ல எங்கெங்க தப்பு இருக்குன்னு எனக்கே தெரியும். யாரும் எனக்கு ஒட்டிக் காட்ட வேண்டியதில்ல. தெரிஞ்சேதான் போட்டுட்டு வந்தேன்." மண்டபம் எழுந்து நின்று தட்டியது. எஸ்தர் டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பூவாத்தாளும் எழுந்தாள், எல்லோரும் எழுந்ததால். ஒட்டிக் காட்ட என்றாளா, கூட்டிக் காட்ட என்றாளா, சுட்டிக் காட்ட என்றுதான் சொல்லியிருப்பாள், இரைச்சலில் காது அப்படிக் கேட்டிருக்கும். இல்லை. காதுக்குக் குறை கிடையாது, கண்தான் மங்கல். "அடியாத்தி, என்னா பேச்சுப் பேசுது ஒங்க புள்ள!" என்று சொல்லிக்கொண்டே ஜெயக்கொடி அவளைப் பின்பக்கமாக அணைத்து முதுகில் தட்டினாள். தட்டியவள் நின்றாள். "இருங்கக்கா, முதுகுல என்னமோ ஒட்டியிருக்கு." பின் வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார்கள். இடது தோள்பட்டைக்குக் கீழே, கடுகு நிறச் சேலையில், நகத்தால் கிளப்பி எடுத்து ஜெயக்கொடி விரல் நுனியில் நீட்டினாள். சிவப்பு. "காலையிலருந்தா இதோட திரியுறீங்க? யாரோ வெளையாட்டுக்கு ஒட்டியிருக்காங்க." வெதுவெதுவென்று இருந்த அந்த இடம் இப்போது சில்லென்று ஆயிற்று. காலையில் கௌசிகா உள்ளங்கையைப் பதித்து, ஒரு தடவு தடவி, அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நன்றாக ஒட்ட வேண்டுமென்றால் மூன்று எண்ணும் நேரம் அழுத்த வேண்டும், அது செக்கிங் டேபிளில் நின்ற எல்லோருக்கும் தெரியும். சின்னதில் கௌசிகாவுக்கு நெற்றியில் வைத்துவிட்டுப் பூவாத்தாளும் அப்படித்தான் எண்ணுவாள். "எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சுங்?" என்றாள். "என்னது?" "அம்பு." ஜெயக்கொடிக்கு விளங்கவில்லை. "மேலதான்க்கா. ஒங்க தலையப் பாத்து." மேடையில் கௌசிகா எஸ்தர் டீச்சரின் தோளுக்கு மேலே மண்டபத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், பல் தெரிய. அம்மா நிற்கும் மூன்றாம் வரிசையைப் பார்த்தாளா, அதைத் தாண்டிப் பார்த்தாளா, பூவாத்தாளின் கண்ணுக்குத் தெரியவில்லை. அவள் உட்கார்ந்தாள், நாற்காலி நுனியில். பர்ஸைத் திறந்து காலண்டர் தாளைப் பிரித்து, ஆறுக்கு அடுத்து, வரிசை கோணாமல் அதை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினாள். ஏழு. கணக்கு நேராகிவிட்டது.